மெத்தை ஆலையில் ஒரு காப்பு நூல்

1

இந்தக் கார்த்திகையோடு மெத்தை ஆலையில் எனக்கு இருபத்தாறு வருடம் முடிந்தது. அதே கிழமையில், வேலைக்குச் சேர்ந்த நாள் தொட்டு எனக்குக் கிடைக்காத ஒன்றும் கிடைத்தது. எச்சரிக்கைக் கடிதம். இரண்டு பக்கம், பிரெஞ்சில். மகள்தான் வாசித்துச் சொன்னாள்.

ஊர்க்கோயில் மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். என்னைப் பற்றி நல்லபடியாக மாற்றி எழுதிவிட வேண்டாம்.

நாங்கள் இருப்பது மொன்றியலின் மேற்கு ஓரத்தில், பியர்பொன்ட்ஸ். ஆலை மற்றப் பக்கம், செயின்ட்-மிஷேலில். இரண்டு பஸ், ஒரு மெட்ரோ. முதலாவது பஸ்ஸில் ஏறியதும் ஐந்தெழுத்தைச் சொல்லத் தொடங்குவேன். நூற்றெட்டு முடிந்து, பிறகு ஒரு நூற்றெட்டும் முடிந்து, பக்கத்தில் இருப்பவர் நித்திரையில் என் தோளில் சாய்ந்த பிறகும் பஸ் போய்க்கொண்டேயிருக்கும். அவ்வளவு தூரம்.

ஒரு நாட்டுக்குச் சனம் வருகிறது என்பது மந்திரிமாருக்கு முன்பே மெத்தை செய்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். வந்திறங்குகிற குடும்பம் மேசை வாங்காது, கதிரை வாங்காது, முதலில் மெத்தை வாங்கும். அகதிகள் கூடுதலாக வந்த காலத்தில் ஒற்றை மெத்தை செய்து முடியாமல் சனிக்கிழமையும் வேலைக்குப் போனோம். பிறகு வெளிநாட்டு மாணவர்கள் வந்தார்கள், சுருட்டிப் பெட்டியில் போடுகிற மெத்தை வந்தது. நான் சேர்ந்தபோது நாற்பது பேர் வேலை செய்த ஆலை, கண்ணுக்கு முன்னாலேயே மூன்று கட்டடமாக வளர்ந்தது. வளர்த்தவர்கள் எல்லாரும் வந்தேறிகள். படுத்தவர்களும் வந்தேறிகள்தான்.

எங்களுடைய முதல் மெத்தை தெருவில் எடுத்தது. இந்த ஊரில் ஆடித் தொடக்கத்தில், ஒரே நாளில் பாதிப்பேர் வீடு மாறுவார்கள். வேண்டாத சாமான் எல்லாம் நடைபாதையில் கிடக்கும். நான் வந்து இரண்டாம் மாதம், இவரும் இவருடைய கூட்டாளியும் ஒரு இரட்டை மெத்தையைத் தலையில் வைத்து, வெளிப்பக்கம் சுழன்று ஏறுகிற இரும்புப் படியால் மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்கள். அதற்கு முன் நான் மெத்தையில் படுத்ததில்லை. மூன்றாம் நாள் உடம்பெல்லாம் தடித்தது. மூட்டைப்பூச்சி. அதே படியால் மெத்தையைத் திரும்ப இறக்கினார்கள். பிறகு ஒரு வருடம் பாயில் படுத்தோம். அந்தப் பாயில் இருந்து எழும்பித்தான் நான் மெத்தை தைக்கப் போனேன்.

2

காப்பு நூலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மலரை இங்கே பிறந்த பிள்ளைகளும் பார்ப்பார்கள் என்றபடியால் சொல்கிறேன். கேதார கௌரி விரதம் இருபத்தொரு நாள். முடிவில் இருபத்தொரு இழை முறுக்கி, இருபத்தொரு முடிச்சுப் போட்ட நூலை ஐயர் கையில் கட்டிவிடுவார். பெண்களுக்கு இடக்கை. புருசனுடைய ஆயுளுக்காக அம்பாளிடம் வாங்குகிற காப்பு அது. அடுத்த வருடம் புது நூல் கட்டும் வரைக்கும் நான் கழற்றுவதில்லை.

இவர் கலியாணம் முடிந்து நாற்பதாம் நாள் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டார். அந்த ஐப்பசியில்தான் என்னுடைய முதல் விரதம். காப்புக் கட்டி ஒரு கிழமையில், சண்டை நெருங்கி, யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாருமே நடக்க வேண்டி வந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் முன்னுக்கும் போகமுடியாது, பின்னுக்கும் வரமுடியாது. சங்கிலியைக் கழற்றிச் சீலைத்தலைப்பில் முடிந்திருந்தேன். நூல் மட்டும் கையில். இவர் எந்த நாட்டில் நிற்கிறார், இருக்கிறாரா என்றே தெரியாத காலம். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழு மாதம் இருந்தோம். நூலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் படுப்பேன். எட்டாம் மாதம் மொன்றியலில் இருந்து கடிதம் வந்தது. அதற்குப் பிறகு என்னிடம் வந்து அது வெறும் நூல் என்று யாரும் சொல்ல முடியாது.

இவர் சொல்வார். இவர் மட்டும் சொல்வார்.

"உந்த நூலிலைதான் நான் தொங்கிக்கொண்டிருக்கிறன். அறுந்தால் விழுந்திடுவன். என்ன, யோகம்?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டு, விருந்துக்கு வருகிறவர்களுக்கு முன்னால் பகிடி விடுவார். உப்பைக் குறையுங்கோ, பிரசர் மாத்திரையை எடுங்கோ என்றால், "நீர் கட்டியிருக்கிறீர்தானே, பேந்தென்ன?" என்பார்.

ஆலையில் கையில் ஒன்றும் இருக்கக்கூடாது. மோதிரம், மணிக்கூடு, வளையல், நூல், ஒன்றும். வாசலில் படம் போட்டு, மேலே சிவப்புக் கோடு கீறியிருக்கிறது. நான் சேர்ந்த நாளில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. பிறகு கண்டிப்பு வந்தபோது நான் நூலைக் கழற்றவில்லை. மேலே தோல் நிறத்தில் அகலமான பிளாஸ்டரைச் சுற்றி ஒட்டினேன். பார்க்கிறவர்கள் மணிக்கட்டில் நோவு என்று நினைத்தார்கள். நான் இல்லையென்று சொல்லவில்லை.

இங்கே மேலாளரைச் செஃப் என்பார்கள். எங்கள் செஃப் ரெனால்ட், ஹெய்ட்டி நாட்டுக்காரர். உயரமான, மெதுவாகக் கதைக்கிற மனிதர். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர். என்னைவிடப் பத்து வயது இளமை என்றாலும் எனக்கு அவரில் ஒரு மரியாதை. காலையில் கைகளைப் பார்த்துத்தான் ஆட்களை மெசினுக்கு விடுவார். என்னிடம் வந்தால் கையைப் பார்ப்பதில்லை. "மணிக்கட்டு எப்படி?" என்று மட்டும் கேட்பார். "பா பீர்" என்பேன். மோசமில்லை என்று அர்த்தம். ஒரு முறை கைக்குப் போடுகிற பட்டி ஒன்றும் வாங்கி வந்து தந்தார். அது இன்னும் என் லாக்கரில் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

3

முதலாளியின் மகன் பொறுப்பெடுத்த பிறகு ஆலை கடலைத் தாண்டியது. கோயம்புத்தூர்ப் பக்கம் நிலம் எடுத்து ஒரு கட்டடம் போட்டார்கள். அங்கேயும் நடுத்தரக் குடும்பங்கள் எல்லாம் இப்போது மெத்தை வாங்குகிறார்களாம். அந்த ஆலையில் ஆட்களைப் பழக்குவதற்காக ஆறு பேரை ஒரு வருடத்துக்கு இங்கே கூப்பிட்டார்கள். நாலு ஆண், இரண்டு பெண். அவர்களுடைய வேலைப் பத்திரத்தில் இந்த ஆலையின் பெயர் மட்டும்தான் இருக்கும். இந்த ஆலை வேண்டாம் என்றால் அடுத்த ஆலைக்குப் போகமுடியாது. ஊருக்குத்தான் போகவேண்டும். இருபத்தாறு வருடத்தில் நான் கற்ற பிரெஞ்சு மெத்தை தைக்கிற அளவுக்குத்தான் வரும். ஆனாலும் எங்கள் மெசின் வரிசைக்கு, லைனுக்கு, நான்தான் பொறுப்பு என்றபடியால் அவர்களுக்கு மொழிபெயர்க்கிற வேலையும் எனக்கு வந்தது.

அவர்களில் ஒருத்தி செல்வி. முப்பத்தைந்து வயது. வீட்டுக்காரர் தேங்காய் நார் லாரி ஓட்டுகிறார். இரண்டு பெண்பிள்ளைகள். ஒரு வருடம் முடித்துத் திரும்பினால் அங்கே பெண்கள் பகுதிக்கு அவள்தான் மேற்பார்வை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊரில் அவளுடைய ஆட்களில் மேற்பார்வை என்ற பெயரில் வேலை பார்த்த பெண் யாரும் இல்லையாம்.

முதல் நாள் நான் மெசினைப் பற்றி அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். கடைசியில், "நீங்க பேசறது பாதி புரியுதுங்க்கா. மீதி மலையாளமாட்டக் கேக்குது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து மதியச் சாப்பாடு இரண்டு பேருக்கும் ஒரே மேசை.

அவர்கள் வந்து மூன்றாம் கிழமை தீபாவளி. கேதார கௌரி நோன்பு அவர்கள் ஊரிலும் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். மாமியார் கயிற்றை மஞ்சள் பூசி, கடதாசியில் மடித்து, பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருந்தார். என் வீட்டுக் குசினியில் அதிரசம் சுட்டாள். சுவாமி அறையில், வீடியோவில் மாமியார் பார்த்துக்கொண்டிருக்க, கட்டிக்கொண்டாள். ஊருக்குத் திரும்பிப் போய் மாமியார் கையால்தான் அவிழ்ப்பேன் என்று வாக்கும் கொடுத்தாள்.

திங்கட்கிழமை ரெனால்ட் கயிற்றைக் கண்டார். வாய் எச்சரிக்கை. சட்டைக் கையை இழுத்துவிட்டு வேலை செய்தாள். புதன்கிழமை பாதுகாப்புப் பகுதிப் பெண் கண்டாள். எழுத்து எச்சரிக்கை. மூன்றாவது என்றால் ஊருக்கு அனுப்புவார்கள் என்று என்னைக் கொண்டுதான் அவளுக்குச் சொன்னார்கள்.

நான் அவளைப் பெண்கள் கழுவுமறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிப் பார்த்தேன். அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. "வண்டி ஓட்டறவருங்க்கா. ராத்திரி பகல்னு இல்ல. கழட்டச் சொல்லாதீங்க" என்றாள்.

அந்த இடத்தில் நான் வேறு விதமாக நடந்திருக்கலாம். ரெனால்டிடம் கூட்டிப்போய் நோன்பைப் பற்றி விளக்கி, மெசின் இல்லாத பகுதியில் வேலை கேட்டிருக்கலாம். பொதி கட்டுகிற இடம் இருக்கிறது. அது எனக்குத் தோன்றவேயில்லை. அதைத் திறந்தால் என்னுடையதும் திறபடும் என்ற பயம் உள்ளே இருந்திருக்கும். நான் என் இடது சட்டைக் கையை மடித்து, பிளாஸ்டரின் ஓரத்தைக் கிளப்பி, மஞ்சள் நூலைக் காட்டினேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"எத்தனை வருசமாங்க்கா?"

"கனகாலம்."

"யாரும் பாக்கலீங்களா?"

"அம்பாள் பாத்துக்கொண்டுதான் இருக்கிறா" என்று சொல்லி, என் கைப்பையில் இருந்த பிளாஸ்டரை எடுத்து நானே அவளுக்கு ஒட்டிவிட்டேன். அம்பாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக் கொண்டுதான் அந்தப் பிழையைச் செய்தேன்.

4

இரண்டு கிழமை ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு ஒரு புதன்கிழமை, காலைத் தேநீருக்குச் சற்று முன்.

அவள் நின்றது துணியையும் பஞ்சையும் சேர்த்து அழுத்தித் தைக்கிற மெசினில். இரண்டு உருளைகள் மெதுவாகச் சுழலும். பார்த்தால் ஆடு அசைபோடுவது போலச் சாதுவாக இருக்கும். ஓரத்தில் பஞ்சுத் தும்பு சேர்ந்தால் நிறுத்திவிட்டு எடுக்கவேண்டும். அவள் நிறுத்தாமல் எடுத்தாள். பழகினவர்கள் எல்லாரும் அப்படி எடுப்போம். வேர்வையில் பிளாஸ்டர் கழன்று, நூலின் வால் வெளியே வந்திருக்கிறது. உருளை அதைப் பிடித்துக்கொண்டது.

அவள் கத்தவில்லை. "அக்கா" என்றாள், சாப்பிடக் கூப்பிடுகிற குரலில். திரும்பிப் பார்த்தேன். கை உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் ஓடிய ஞாபகம் இல்லை. சிவப்புப் பொத்தானை அடித்த உள்ளங்கை மட்டும் அடுத்த நாள் வரைக்கும் நொந்தது.

மெசின் நின்றது. விரல் நுனிக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. நூல் அறவில்லை. இருபத்தொரு இழை என்றால் அப்படித்தான், அறுவதற்காக முறுக்குவதில்லை. மணிக்கட்டுத் தோலை வெட்டிக்கொண்டு இறங்கி, கை நீலமாகிக்கொண்டிருந்தது.

எங்கள் கழுத்தில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி தொங்கும். நான் அதை எடுத்தேன். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அந்த நேரத்திலும். இன்னொரு சுமங்கலியின் நோன்பு நூலை என் கையால் வெட்டினேன்.

முதலுதவி அறையில் கையில் மருந்து போடும்போது அவள் கையைப் பார்க்கவில்லை. போனை எடுத்துத் தரச்சொன்னாள். அங்கே இரவு எட்டரை மணி. மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. பதினொரு தடவை. அவளுடைய உதட்டில் ஈரமே இல்லை. எனக்குத் தெரிந்த தெய்வத்தை எல்லாம் நான் கூப்பிட்டேன். ஐந்தெழுத்து இடையில் மறந்து திரும்பத் தொடங்கினேன். முக்கால் மணி கழித்து அந்த மனிதர் திருப்பி எடுத்தார். பக்கத்து வீட்டில் சினிமாப் பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

அவள் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

5

மத்தியானம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ரெனால்ட், பாதுகாப்புப் பகுதிப் பெண், செல்வி, நான். மேசையில் ஒரு படிவம். விபத்து நடந்த நேரம், இடம், மெசின் இலக்கம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. கடைசிக் கட்டம் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து.

குப்பைக்கூடையில் இருந்து பிளாஸ்டரை எடுத்து ஒரு பையில் போட்டு வைத்திருந்தார்கள். பாதுகாப்புப் பகுதிப் பெண் அதைத் தூக்கிக் காட்டினாள். இது புதிதாக வந்த ஒருவர் தானாகச் செய்கிற வேலை இல்லை, இதைச் செய்யச் சொல்லிக் கொடுத்தது யார் என்று அவளிடம் கேள் என்றாள்.

அந்தக் கேள்வியை நான் தமிழில் கேட்கவேண்டும்.

கேட்டேன். "ஆர் சொல்லித் தந்தது எண்டு கேக்கினம்" என்றேன். செல்வி என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, "நானாத்தான் செஞ்சேன்னு சொல்லுங்க" என்றாள். பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், "உங்க வேலைய நீங்க பாருங்க்கா" என்றாள்.

முதல் வசனத்தை மட்டும் பிரெஞ்சில் சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்.

அவள் இன்னும் பத்து மாதத்துக்கு மேல் வேலை செய்ய இருந்தவள். வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துக்குப் படிவம் போகும், அடுத்த கிழமை டிக்கட் போடுவார்கள் என்றார் ரெனால்ட். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. வெளியே வரும்போது என் தோளில் தட்டி, நல்ல காலம், நீ பக்கத்தில் நின்றாய் என்றார்.

6

வீட்டுக்கு வந்து முகம் கழுவி விளக்கேற்றினேன். கை கூப்ப வரவில்லை. நெருப்புக்குச்சி விரலைச் சுடும்வரை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மகள் தர்சினிக்கு இருபத்துநாலு வயது. கர்க்லாண்டில் ஒரு சிறுவர் காப்பகத்தில் வேலை. கோயிலுக்குக் கூப்பிட்டால் காரிலேயே இருந்துவிடுவாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். நான் நடந்ததைச் சொன்னபோது அவளும் இவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள்.

இவர் முதலில் பகிடியாகத்தான் தொடங்கினார். "புருசன் நூலிலை தொங்கிறான், அதாலைதான் எண்டு உம்மடை செஃப்புக்குச் சொல்லும்" என்றார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். பிறகு கணக்காகச் சொன்னார். சொல்லாமல் விட்டால் உம்மை ஒருத்தரும் ஒன்றும் செய்ய ஏலாது. சொன்னால் வேலையால் நிற்பாட்டவும் கூடும். பென்சனுக்கு நாலு வருடம் கிடக்கிறது. யோசியும்.

தர்சினி கரண்டியை வைத்தாள். "அம்மா, நீங்கள் பொய் சொன்னீங்களா?" என்று கேட்டாள். தமிழில். "நீங்களா?"

சின்ன வயதில் அவள் ஒரு சின்னப் பொய் சொன்னதற்கு சுவாமிப் படத்துக்கு முன்னால் அரைமணித்தியாலம் முழங்காலில் இருத்தியவள் நான். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் விடிய கோயில் ஐயருக்குப் போன் எடுத்தேன். காப்பைக் காலத்துக்கு முன் கழற்றினால் குற்றமா என்று கேட்டேன். அவர் எங்கேயோ திவசத்துக்குப் போகிற அவசரத்தில் நின்றார். "மெசினிலை வேலை செய்யிறனீங்கள்தானே? கையை வைச்சுக்கொண்டு வாங்கோ அம்மா. நூல் கோயிலிலை கனக்கக் கிடக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஆலைக்குப் போய் நேரே ரெனால்டின் அறைக்குத்தான் போனேன். வழியெல்லாம் பிரெஞ்சில் வசனம் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். உள்ளே போனதும் இரண்டு சொல்தான் மிஞ்சியது. "செ முவா" என்றேன். நான்தான் என்று. சட்டைக் கையை மடித்து, பிளாஸ்டரை உரித்து மேசையில் வைத்தேன். அவர் நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அப்போ மணிக்கட்டு?" என்று கேட்டார்.

"ஒருநாளும் நோகவில்லை."

அவர் கதிரையில் சாய்ந்தார். ஏசினால் நல்லது என்று நினைத்தேன். ஏசவில்லை. தன்னுடைய மனைவி பதினொரு வருடமாகச் சபையில் என் கைக்காகச் செபிக்கிறாள் என்றார். நோயாளிகளின் பட்டியலில் என் பெயர் இருக்கிறதாம். யோகேஸ்வரி என்று சொல்ல வராமல் யோகா என்று எழுதியிருக்கிறார்களாம்.

என் வாழ்க்கையில் நான் பட்ட வெட்கங்களில் அதுதான் பெரிது.

பிறகு அந்த நூல் என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். புருசனுக்காக என்றேன். புருசனுக்கு ஏதும் நோய் வருத்தமா என்றார். இல்லை, வரக்கூடாது என்பதற்காக என்றேன். அவர் தலையாட்டினார். படிவத்தைக் கொண்டு வரச்சொல்லி, என் கையெழுத்துக்கு மேலே குறுக்காகக் கோடு கீறினார். புதுப் படிவத்தில் முதலில் இருந்து எழுதினோம்.

முடிவைச் சொல்கிறேன். செல்வியின் மூன்றாவது எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். பொறுப்பில் உள்ளவர் சொன்னதைக் கேட்டு நடந்தாள் என்று எழுதினார்கள். அவள் வருடத்தை முடிக்கலாம். எனக்குக் கடிதம் தந்தார்கள். லைன் பொறுப்பை எடுத்துவிட்டு, என்னைப் பொதி கட்டுகிற பகுதிக்கு மாற்றினார்கள். மொழிபெயர்க்க இனி என்னைக் கூப்பிடமாட்டார்கள். சரிதான். நானாக இருந்தாலும் கூப்பிடமாட்டேன்.

ரெனால்ட் இப்போதும் காலை வணக்கம் சொல்கிறார். மணிக்கட்டைப் பற்றிக் கேட்பதில்லை. அந்த இடத்தில் ஒரு வெறுமை இருக்கிறது.

7

பொதி கட்டும் இடத்தில் நூல் இருந்தாலும் ஆபத்தில்லை. அதனால் பிளாஸ்டரை மட்டும் எறிந்துவிட்டு நூலை வைத்திருக்கலாம் என்று இவர் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை. விதி விதிதான். தவிரவும், அவளுடையதை வெட்டிவிட்டு என்னுடையதை வைத்திருக்க என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை செல்வி வீட்டுக்கு வந்தாள். இடக்கையில் கட்டு. இரண்டு பஸ் மாறி, பனியில் பிழையான தரிப்பில் இறங்கி, அரை மணித்தியாலம் நடந்து வந்திருக்கிறாள். மூக்கு சிவந்துபோய்க் கிடந்தது. நான் வெளியிலேயே அவளுடைய கையைப் பிடித்தேன். என்ன சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை.

"மாமியாகிட்டச் சொல்லிட்டேனுங்க்கா. அவங்க என்ன சொன்னாங்க தெரியுங்களா? கை போயிருந்தா எம்பையனுக்கு யாரு சோறு போடுவான்னு கேட்டாங்க" என்றாள். அது கோபமா அன்பா என்று அவளுக்கே விளங்கவில்லையாம்.

சாப்பிட்ட பிறகு சுவாமி அறையில் விளக்கேற்றினேன். நூலை யார் வெட்டுவது என்று நிற்க, அவள் கத்தரிக்குக் கை நீட்டினாள்.

"என்னோடத நீங்கதான வெட்டுனீங்க. குடுங்க" என்றாள்.

கட்டுப் போட்ட கையால் என் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு மற்றக் கையால் வெட்டினாள். குசினிக் கத்தரி, மொட்டை. மூன்று நாலு தரம் கடித்துத்தான் வெட்டியது. இரண்டு பேரும் சிரித்தோம். நூலை வெற்றிலையில் வைத்து மடித்தேன். தர்சினி எங்களை ஆற்றங்கரைக்குக் காரில் கொண்டுபோனாள். வழக்கம்போலக் காருக்குள் இருக்கவில்லை. இறங்கி வந்து, நான் வழுக்கி விழாமல் என் கோட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஓரத்தில் மெல்லிய பனிக்கட்டி பிடித்திருந்தது. அதைக் கல்லால் உடைத்து நூலை விட்டோம்.

நூல் வெட்டும்போது இவர் வாசல்நிலையில் நின்று பார்த்தவர். எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிற மனிதர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. போய் ரிவியைப் போட்டார், நிற்பாட்டினார்.

அடுத்த நாள் காலை நான் வேலைக்கு வெளிக்கிடும்போது குசினியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிரசர் மாத்திரையை இவர் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தார். பத்து வருடத்தில் நான் சொல்லாமல் எடுத்தது அதுதான் முதல் தடவை. செவ்வாய்க்கிழமை, பனி வழுக்காமல் இருக்க வாசற்படிக்கு உப்புப் போட்டிருந்தார். கறிக்கு உப்புக் காணாது என்று சொல்லவில்லை. புதன்கிழமை மகளின் காரில் கடைக்குப் போனபோது, பின் இருக்கையில் இருந்தும் இடுப்புப் பட்டியைப் போட்டுக்கொண்டார். போட்டுவிட்டு நான் பார்க்கிறேனா என்று பார்த்தார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டு வந்தபோது, இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் தொங்குகிற கோயில் கலண்டரின் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். அது மார்கழியோடு முடிகிறது, அடுத்த வருடம் அதில் இல்லை.

"யோகம்," என்றார், என் பக்கம் திரும்பாமல், "அடுத்த காப்புக்கு எத்தினை நாள் கிடக்கு?"

"முந்நூறுக்கு மேலை கிடக்கு."

"முந்நூறு" என்றார். கொஞ்சம் யோசித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார்.